சிரிப்பு வராத கேலிப்படம்

அத்தியாயம் 4

"வாயைத் திறங்க" என்று யாரும் ரேடியோவிடம் சொல்ல வேண்டியதே இல்லை. அது எந்நேரமும் திறந்துதான் இருக்கும். மூட வைப்பதுதான் பெரும்பாடு. பட்டப்பெயரே அதனால் வந்தது. அப்பேர்ப்பட்டவன் அன்று மதியம் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உதடுகளை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளறையில் ஏதோ ஒரு கருவி 'ஙொய்ங்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் வாயைத் திறப்பவன் அறிவாளி இல்லை என்பது அவன் கட்சி.

"நாம கேஸ் விஷயமா வந்திருக்கோம். உன் பல்லை யாரும் தொட மாட்டாங்க," என்றாள் அண்ணி.

"வரும்போதே டாக்டர் என் கடைவாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாங்க அண்ணி. அது தொழில் பார்வை," என்றான் உதட்டைப் பிரிக்காமல்.

அண்ணி என்றால் சொந்த அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். எரிந்துபோன குடோனைப் பார்த்தால் தீப்பெட்டி யார் பாக்கெட்டில் இருந்தது என்று சொல்லிவிடுவாள். ரேடியோ அவளுடைய உதவியாளன். வேறெங்கும் வேலையில் நிலைக்காத தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு தலைவலி வாங்குவதைவிட, மனைவியோடு வெளியே அனுப்பிவிடுவது மேல் என்று அண்ணன் எடுத்த முடிவு அது. அண்ணனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதில் நஷ்டம்.

சுவரெல்லாம் படங்கள். வழக்கமாகப் பல் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு அழகி முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு நிற்பாள். இங்கே இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ஆசாமிகள், கையில் குறடோடு ஒருவர் வாயை ஒருவர் பிளந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகள் பயந்து ஓடாமல் இருப்பதே அதிசயம்.

உள்ளறைக் கதவு திறந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் வந்தாள். நாற்பதைத் தாண்டிய உயரமான பெண்மணி. உங்கள் பல்லில் இருக்கும் ஓட்டை உங்களுக்கு முன்பே தனக்குத் தெரியும் என்பது போன்ற முகம்.

"உள்ள ஒருத்தருக்கு மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன். அது ஏறற வரைக்கும் பேசலாம். கேளுங்க மேடம்."

"முதல்ல இருந்து சொல்லுங்க டாக்டர். இவனுக்கும் புரியற மாதிரி."

டாக்டர் சுவரைக் காட்டினாள். "இதெல்லாம் நெப்போலியன் காலத்துக் கேலிப்படங்க. செப்புத் தகட்டுல கோடு கீறி, மை தடவி, அழுத்தி எடுத்தது. கலர் மட்டும் கையால பூசினது. ராஜா, மந்திரி, நெப்போலியன், ஒருத்தரையும் விட மாட்டாங்க. கடை ஜன்னல்ல மாட்டுவாங்க, தெருவே கூடி நின்னு சிரிக்கும். காசு இருக்கிறவங்க கடையிலேர்ந்து முழு ஆல்பத்தையே ஒரு சாயங்காலத்துக்கு வாடகைக்கு எடுத்துட்டுப் போவாங்க. விருந்தாளிகளைச் சுத்தி உட்கார வச்சு, பக்கம் பக்கமாத் திருப்பிச் சிரிக்கிறதுக்கு."

"அந்தக் காலத்து வீடியோ கேசட்," என்றான் ரேடியோ. வாய் தானாகவே திறந்துகொண்டது.

"அதேதான். இந்த ஊர்ல இதைச் சேகரிக்கிறவங்க ஒரு சங்கம் வச்சிருக்கோம். அந்தப் பழக்கத்தை நாங்க விடல. மாசா மாசம் ஒருத்தரோட ஆல்பம் இன்னொருத்தர் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போகும். போன மாசம் நீதிபதியோட ஆல்பம் என்கிட்ட வந்துச்சு. பார்த்தேன், மறுநாள் காலையில திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு சங்கத்துல எழுந்து நின்னு, 'என் அசல் படத்தை எடுத்துக்கிட்டுப் போலியை வச்சுட்டா'ன்னு சொல்லிட்டார்."

நீதிபதி என்றால் நிஜமாகவே நீதிபதி. ஓய்வு பெற்றவர். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினாரே தவிர, தீர்ப்புச் சொல்வதை நிறுத்தவில்லை. சங்கத்தில் யார் எந்தப் படம் வாங்கி வந்தாலும் அவர் லென்ஸை வைத்துப் பார்த்து 'அசல்' என்பார், அல்லது 'போலி' என்பார். மேல்முறையீடு கிடையாது.

"எந்தப் படம்?" என்று அண்ணி கேட்டாள்.

"அதோ அந்தப் படத்தோட ஜோடி. ரெண்டா வெளியிட்டது. முதல் படம் அவர்கிட்ட, ரெண்டாவது என்கிட்ட. உலகத்துல வேற காப்பி இருக்கிற மாதிரி தெரியல. எந்த மியூசியத்துலயும் இல்ல, எந்தக் கேட்டலாக்லயும் இல்ல. அவர் தன்னோடதை போட்டோகூட எடுக்க விட்டதில்ல. என்னோடதைக் கேட்டு வருஷக்கணக்கா நச்சரிச்சார். நான் தர மாட்டேன்னுட்டேன். இப்ப ஈடா அதைக் கொடுக்கணுமாம். நாளைக்குச் சங்கத்தோட கண்காட்சி திறக்குது. அதுக்கு முன்னாடி, இன்னிக்கு சாயங்காலம் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கணும். இல்லைன்னா திருடின்னு பேரோட வெளிய அனுப்பிடுவாங்க."

ரேடியோ எழுந்து அந்த இரண்டாவது படத்தின் முன் போய் நின்றான். சிரித்துவிட்டான். லேசாக இல்லை, காத்திருந்த ஒரு கிழவர் திடுக்கிட்டுத் தன் பல்செட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு.

படத்தில் ஒரு தொப்பைக்காரர், இங்கிலாந்துக் குடிமகன், ஜெயித்த மல்யுத்த வீரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கையில் ஒரு நூல். நூலின் நுனியில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கடைவாய்ப் பல். அவருடைய கன்னம் வீங்கி, தாடையைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சின் இரண்டு நுனியும் முயல் காது மாதிரி நின்றன. பின்னால், தொடை வரை பூட்ஸ் போட்ட குட்டி நெப்போலியன், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கைவீசிப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏன் சிரிச்சே?" என்றாள் அண்ணி.

"தோத்தவன் ஜாலியாப் போறான், ஜெயிச்சவனுக்குக் கன்னம் வீங்கியிருக்கு. எங்க அண்ணனோட கல்யாண போட்டோ மாதிரியே இருக்கு அண்ணி."

"அதுல வீங்கியிருக்கிறது யாரு?"

"அதை உங்க முன்னாடி எப்படிச் சொல்றது."

அண்ணி அதைக் கண்டுகொள்ளவில்லை. "டாக்டர், அவரோட படத்தை நீங்க அன்னிக்குப் பார்த்தீங்கல்ல? எப்படி இருந்தது?"

டாக்டர் முதல் தடவையாகக் கொஞ்சம் தயங்கினாள். "ஆசையாத் திறந்தேன். ஏமாத்தமா இருந்துச்சு. ஏன்னு சொல்லத் தெரியல. அடுத்தவங்க பொக்கிஷத்தைக் குறை சொல்லக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன். நான் வாழ்க்கையில வாயை மூடினது அந்த ஒரு தடவைதான். அதுக்குத்தான் இவ்வளவும்."

"ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்டு, படத்தையும் கொடுத்துட்டா, விஷயம் வெளிய போகாம முடிஞ்சிடும். உங்க தொழிலுக்கும் நல்லது."

"மேடம், என்கிட்ட வர்றவங்க கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறக்கறாங்க. அந்த நம்பிக்கையிலதான் இந்தக் கடை ஓடுது. எடுக்காததுக்கு மன்னிப்புக் கேட்டா எடுத்தேன்னு ஆயிடும். தலையே போனாலும் கேட்க மாட்டேன். படத்தையும் தர மாட்டேன். உங்களால நிரூபிக்க முடியலைன்னாலும் பரவாயில்ல, நான் போய் முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடுவேன். நிரூபிச்சா, சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லலாம்."

உள்ளேயிருந்து 'ழாக்ழர்' என்று ஒரு குழறல் கேட்டது. ஊசி ஏறிவிட்டது.

"அந்தப் படத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. எப்படியும் கண்காட்சிக்கு வர வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனாள். மறுபடியும் 'ஙொய்ங்'. ரேடியோ படத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அண்ணிக்கு முன்பாகவே தெருவுக்கு வந்துவிட்டான்.

* * *

சங்கத்தின் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நாளைக்குத் திறக்கப்போகும் கண்காட்சிக்காகச் சட்டம் போட்ட படங்கள் சுவரோரம் முதுகைக் காட்டிச் சாய்ந்து கிடந்தன. ஒரு ஏணி, ஒரு டப்பா ஆணி, மடக்கு நாற்காலிகள். சங்கத்தின் செயலாளர், கழுத்துவரை பொத்தான் போட்ட மனிதர், ஆல்பத்தை மேஜையில் வைத்துவிட்டு அதற்குக் காவல் நிற்பவர் மாதிரி நின்றார்.

"கையைக் கழுவித் துடைச்சுட்டு வாங்க."

"ஆபரேஷன் யாருக்கு சார்?" என்றான் ரேடியோ.

செயலாளர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டும் போலிருக்கிறது.

ஆல்பம் பெரியது. ஒரு ஆள் தனியாகத் திறந்தால் தோள் வலிக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு படம், வலது பக்கத்தில். இடது பக்கத்தில் முந்தைய படத்தின் வெறும் முதுகு. அதன் நடுவில் நீதிபதியின் ஊதா முத்திரை. எல்லாவற்றையும் அவரே வரிசைப்படுத்தி, முத்திரை குத்தி, தைத்துக் கட்டியதாகச் செயலாளர் சொன்னார். அவர் வக்கீலாக இருந்த காலத்தில் செய்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"நீ திருப்பு தம்பி," என்று அண்ணி ஒதுங்கி நின்றாள்.

ரேடியோவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முதல் படத்தில் ஒரு மந்திரியைத் துருத்தி வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர் பலூன் மாதிரி கூரைக்குப் போய்க்கொண்டிருந்தார். ரேடியோ சிரித்தான். அடுத்ததில் நெப்போலியனின் தொப்பி கூடாரமாகி, அதன் கீழ் ஒரு பட்டாளமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தொப்பிக்குச் சொந்தக்காரன் வெளியே மழையில் நனைந்தான். ரேடியோ மேஜையைத் தட்டிச் சிரித்தான். ராஜா ஒருவர் தூங்கிக்கொண்டே தலையாட்ட, எதிரே நின்றவன் 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டிருந்தான். அதற்குச் செயலாளருக்கே உதட்டோரம் ஏதோ நடந்தது, உடனே அடக்கிவிட்டார்.

அடுத்த பக்கம். ரேடியோ பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"இதுதான் அந்தப் போலி," என்றார் செயலாளர். தாளுக்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்தார். தாளுக்குள் மங்கலாக எழுத்தும் ஒரு வருஷமும் தெரிந்தன. "வாட்டர்மார்க். காகிதம் செய்யும்போதே உள்ள விழற அடையாளம். படத்துக்குக் கீழ அச்சான தேதியைவிட ரொம்பப் பின்னாடி செஞ்ச காகிதம். குழந்தை பிறந்த பிறகு அம்மா பிறந்த மாதிரி. போலிங்கறதுல சந்தேகமே இல்ல. இந்தத் தாளை மட்டும் தையல் பிரிச்சு மாத்தி, முதுகுல முத்திரையையும் போலியாக் குத்தியிருக்காங்கன்னு ஐயா சொல்றார்."

"அது கிடக்கட்டும் சார்," என்றான் ரேடியோ. "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"என்னது?"

"சிரிப்பு வரலையே. நாற்காலியில நெப்போலியன் வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அவன் பல்லுல நூல் கட்டியிருக்கு. நூல் கதவுக் கைப்பிடியைச் சுத்திக்கிட்டு வருது. பச்சைத் தொப்பி போட்ட தொப்பைக்காரர் அதைப் பிடிச்சு இழுக்கிறார். பல்லைப் பிடுங்கறார், சரி. அதுக்கு என்ன இப்ப? இதைப் பார்த்தா யாரு கூடி நின்னு சிரிப்பா?"

"நாங்க இதெல்லாம் சிரிக்கிறதுக்காகப் பார்க்கிறதில்ல," என்றார் செயலாளர், கொஞ்சம் புண்பட்டு. "காகிதம், மை, ஓரம், நிறம். அதைத்தான் பார்ப்போம்."

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் அண்ணி.

"எதை அண்ணி?"

"சிரிப்பு வரலைன்னு சொன்னியே, அதை."

"வரல. கிச்சுகிச்சு மூட்டினாலும் வராது."

அண்ணி மேஜைக்கு நெருங்கி வந்தாள். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, படத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். தூங்குகிற ராஜா படத்தின் முதுகு. வெறும் தாள். ஊதா முத்திரை. முத்திரையின் மேல் பழுப்பாக ஒரு கறை. யாரோ டீ குடிக்கும்போது சிந்தியிருக்க வேண்டும் என்று ரேடியோ நினைத்தான். அண்ணி லென்ஸை எடுத்து அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்த குடோனில் தீப்பெட்டி தேடுகிற முகம்.

"சார், யார் ஆல்பம் யார் வீட்டுக்குப் போகணும்ங்கறது எப்படி முடிவாகும்?" என்றாள்.

"முறை இருக்கு. போன மாசம் ஐயாவோட ஆல்பம் என் வீட்டுக்கு வந்திருக்கணும். ஐயாதான் டாக்டருக்குப் போகட்டும்னு விட்டுக்கொடுத்தார்." செயலாளர் அதைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகத்தான் சொன்னார்.

"நல்ல மனசு," என்று அண்ணி ஆல்பத்தை மூடினாள்.

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான். "டாக்டர் எடுத்தாங்களா, இல்லையா அண்ணி?"

"உனக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கணும்னு ரொம்ப நாளாத் தோணும், அப்புறம் மனசை மாத்திக்குவேன். இன்னிக்கு மாத்திக்கல."

"இது பதில் இல்லையே."

"பதில்தான். நீ சிரிக்கல. அதான் பதில்."

* * *

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. மடக்கு நாற்காலிகள் போதாமல் பின்வரிசையில் சிலர் நின்றார்கள். மேஜையில் ஆல்பம். அதன் பின்னால் நீதிபதி. வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. நிமிர்ந்த முதுகு நாற்காலியில் சாயவே இல்லை. இந்த மனிதர் எதிரே நின்று பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது என்று ரேடியோவுக்குத் தோன்றியது. உண்மை சொல்லவும்தான்.

டாக்டர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கத்து நாற்காலியும் காலி. திருடிக்குப் பக்கத்தில் உட்கார யாரும் முன்வரவில்லை. ரேடியோ போய் ஒன்றில் உட்கார்ந்தான். பல் டாக்டருக்குப் பக்கத்தில் அவன் தானாகப் போய் உட்கார்ந்ததை அண்ணன் பார்த்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்.

"மன்னிப்புக் கேட்க வந்திருக்கியாம்மா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா. முடியாதுன்னு சொல்ல வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி இந்த மேடம் ஏதோ கேட்கணுமாம்."

அண்ணி முன்னால் வந்தாள். கைப்பையைத் தரையில் வைத்தாள். "ஐயா, ரெண்டு கேள்விதான். இந்த ஆல்பத்துல அந்த ஒரு படத்தைத் தவிர வேற ஏதாவது மாறியிருக்கா? வேற தாள், தையல், முத்திரை?"

"எதுவும் மாறல. மத்ததெல்லாம் நான் கட்டினபடியே இருக்கு. என் முத்திரை எனக்குத் தெரியாதா?"

"நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

"பார்க்காம நான் சொல்றதில்ல. அந்தக் காலத்துல முத்திரை குத்தி, தைச்சேன். அதுக்கப்புறம் ஒரு தாளும் வெளிய வந்ததில்ல. இவங்க ஒருத்தங்க எடுத்ததைத் தவிர."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அண்ணி கூடத்தைப் பார்த்தாள். பிறகு ரேடியோவுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் போர்வையை உருவி, டாக்டரின் படத்தை மேஜைமேல் நிறுத்தினான். முயல் காது முடிச்சோடு தொப்பைக்காரர் கூடத்தைப் பார்த்துப் பெருமையாக நின்றார். பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

"சிரிங்க, தப்பில்ல," என்றாள் அண்ணி. "இவர் பல்லைப் பிடுங்கி ஜெயிச்சுட்டார். கையில பல்லு. ஆனா இவர் தாடையில எதுக்குத் துணி? இவர் கன்னம் ஏன் வீங்கியிருக்கு? பிடுங்கப்பட்டதா சொல்ற நெப்போலியனுக்கு ஒரு பல்லுகூடக் குறையலையே. டாக்டர், பார்த்துச் சொல்லுங்க, யாரோட பல்லு அது?"

டாக்டர் மெதுவாகக் காலை இறக்கினாள். வாய் திறந்தது. "ஐயோ," என்றாள். "அது இவரோட பல்லு."

"ஆமா. முதல் படத்தோட நக்கலே அதுதான். நூலோட ஒரு முனை நெப்போலியன் வாயில. நூல் கதவைச் சுத்தி வந்து, இன்னொரு முனை இழுக்கிறவரோட வாயிலயே இருந்திருக்கணும். எதிரி பல்லைப் பிடுங்கறேன்னு மூச்சைப் பிடிச்சு இழுத்து, தன் பல்லையே பிடுங்கிக்கிறார். அப்பவே அவருக்குத் தாடையில துணி கட்டியிருந்திருக்கணும். சண்டைக்குச் செலவு பண்ணி யாருக்கு வலிச்சதுன்னு சொந்த நாட்டையே நக்கல் அடிச்சிருக்காங்க. காப்பியடிச்சவனுக்கு அது புரியல. வாயில போற நூலைப் பார்த்து, தப்பாக் கீறியிருக்காங்கன்னு நினைச்சுக் கையில கொண்டுவந்து முடிச்சுட்டான். தாடைத் துணியைத் தொப்பின்னு நினைச்சுத் தொப்பியாவே போட்டுட்டான். எல்லாத்தையும் அச்சு அசலாக் காப்பியடிச்சான், சிரிப்பை மட்டும் திருத்திட்டான்."

கூடத்தில் சலசலப்பு. நீதிபதி கையை உயர்த்தினார். சலசலப்பு நின்றது.

"ரொம்ப அழகா சொன்னீங்க," என்றார். "அதைத்தானே நானும் சொல்றேன். இது போலி. என் அசல் எங்கே?"

மனிதர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, எதிராளிக்கே சாட்சி சொல்லியாயிற்று. ரேடியோ டாக்டரைப் பார்த்தான். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். முகத்தில் மட்டும் பதற்றம் இல்லை.

"அதுக்குத்தான் வர்றேன்," என்று அண்ணி ஆல்பத்தைத் திறந்தாள். போலிப் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டினாள். "இந்தக் கறையைப் பாருங்க. என் கொழுந்தன் டீ சிந்தினதுன்னு நினைச்சான். சார், நீங்க நிறம் பார்க்கிறவராச்சே. அந்தக் காலத்துப் பச்சை எதுல செய்வாங்க?"

செயலாளர் எழுந்தார். "செம்புல வர்ற பச்சை. அது காகிதத்தைத் தின்னும். எதிர்ல இருக்கிற தாளையும் பழுப்பாக்கும். எங்க எல்லார் ஆல்பத்துலயும் இருக்கு அந்தத் தொல்லை."

"ஒரு சாயங்காலத்துல ஆகுமா?"

"வருஷக்கணக்காகும். பத்து, இருபது வருஷம் மூடியே கிடந்தாத்தான் இவ்வளவு அழுத்தமா..." செயலாளர் பாதியில் நிறுத்தினார். கறையை உற்றுப் பார்த்தார்.

"என்ன உருவம் சார் அது?"

டாக்டர் எழுந்து போய்ப் பார்த்தாள்.

"தொப்பி," என்றாள்.

"தொப்பிதான். இங்க அசல் படம் இருந்திருந்தா, முகத்தைச் சுத்தி ஒரு வளையம், மேல ரெண்டு முயல் காது விழுந்திருக்கணும். விழுந்திருக்கிறது தொப்பி." அண்ணி கையை எடுத்தாள். வலது பக்கத்துப் பச்சைத் தொப்பியும் இடது பக்கத்துப் பழுப்புத் தொப்பியும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது போல எதிரெதிரே இருந்தன. "காப்பியடிச்சவன் பழைய முறைப்படியே பச்சையைக் குழைச்சிருக்கான். தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டான். கறை ஐயாவோட முத்திரை மேல ஏறியிருக்கு. அதாவது, ஐயா முத்திரை குத்தித் தைச்ச நாள்லேர்ந்து இங்க படுத்திருக்கிறது இந்தத் தொப்பிக்காரர்தான். டாக்டர் வீட்டுக்குப் போனதும் இவர்தான், திரும்பி வந்ததும் இவர்தான். இங்க அசல்னு ஒண்ணு இருந்ததே இல்ல."

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. நீதிபதியின் முதுகு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்திருந்தது.

அண்ணி குரலை இறக்கினாள். "எப்பத் தெரிஞ்சது ஐயா?"

அவர் ஆல்பத்தைப் பார்த்தார். "டாக்டருக்கு ஆல்பம் அனுப்பறதுக்கு முந்தின வாரம், ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது," என்றார். "ஆல்பம் திறந்து கிடந்துச்சு. பக்கம் நிமிர்ந்து நின்னப்ப பின்னாடியிருந்து டார்ச் பட்டுச்சு. வாட்டர்மார்க் தெரிஞ்சது. எத்தனையோ பேரோட படத்தை இதே மேஜையில போலின்னு சொல்லித் தள்ளியிருக்கேன். அதோ, அங்க நிக்கிறாரே, அவர் அன்னிக்கு அழுதுட்டார்." தொப்பிக்காரரை விரலால் தொட்டார். "கண்காட்சியில வச்சா எப்படியும் தெரிஞ்சிடும். என்னோடதும் போலின்னு எப்படி வந்து சொல்றது?"

ரேடியோவுக்கு ஏதோ ஒரு நக்கல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனிதரின் விரல்கள் மீசையைத் தேடித் தடுமாறுவதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான். கசந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஆனது ஆகிப்போச்சு. ஐயா வயசுக்கும் கௌரவத்துக்கும் மரியாதை கொடுத்து, இதை இந்த நாலு சுவத்துக்குள்ளயே விட்டுடலாம். டாக்டரும் கொஞ்சம் பெரிய மனசு பண்ணி..."

"எனக்கு வாய் பெருசு, மனசு சின்னது," என்றாள் டாக்டர். "என்னைத் திருடின்னு சொன்னப்ப எல்லாரும் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக் கேட்டீங்க. இப்ப எதுக்கு சார் மெதுவாப் பேசறீங்க? யாரும் பக்கத்துல உட்காரல. இந்தத் தம்பி ஒருத்தன் வந்து உட்கார்ந்தான், அவனுக்கும் என்னைக் கண்டா பயம்." அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் எடுக்கலைன்னு நீங்கதான் சொல்லணும். அப்புறம், நாளைக்கு இந்தத் தொப்பிக்காரரையும் என் படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டணும். எது அசல், எது போலி, யாரோட ஆல்பத்துலேர்ந்து வந்ததுன்னு கீழ எழுதி வைக்கணும்."

"டாக்டர், அது கொஞ்சம் அதிகம்," என்றார் செயலாளர்.

"ஊரே சிரிக்கும்மா," என்றார் நீதிபதி. கேட்கவே முடியாத குரல்.

"சிரிக்கத்தான் ஐயா இதை வரைஞ்சாங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, பதவியில இருக்கிற ராஜாவையே ஜன்னல்ல மாட்டி வச்சுத் தெருவே சிரிச்சிருக்கு. நாம அதைச் சேர்த்து வச்சுக்கிட்டு ரசிக்கிறோம்னு பேரு பண்றோம். நம்ம மேல ஒரு சிரிப்பு வந்தா மட்டும் ஆல்பத்தை மூடிடணுமா? நீங்க என்ன, ராஜாவைவிடப் பெரியவரா?"

நீதிபதி எழுந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து காகிதம் வெட்டும் கத்தியை எடுத்தார். ஆல்பத்தின் மேல் குனிந்தார். ரேடியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். அந்தப் படம் கிழிந்தால் சாட்சியும் கிழிந்தது. அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கத்தி படத்தின் மேல் போகவில்லை. தையலுக்குள் போனது. ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. தாளில் ஒரு கீறல் விழாமல், முப்பது வருஷத்துக்கு முன் தன் கையால் போட்ட தையலைத் தன் கையாலேயே அறுத்தார். தாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கூடத்தைப் பார்த்து நின்றார்.

"டாக்டர் எதையும் எடுக்கல," என்றார். "என்கிட்ட இருந்தது போலி."

"பின்வரிசைக்குக் கேட்கல ஐயா," என்றாள் டாக்டர்.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு வந்தது கோர்ட்டுக் குரல், மாடிப்படி வரை போகிற குரல். "டாக்டர் எதையும் எடுக்கல. தெரிஞ்சேதான் பழி போட்டேன். என்கிட்ட இருந்தது போலி. தீர்ப்புச் சொல்றதுக்கு இனிமே வேற ஆளைப் பார்த்துக்குங்க."

அன்றைக்கு அழுததாக அவர் சொன்ன மனிதர், பின்வரிசையிலிருந்து வந்து ஏணியைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ரேடியோ ஆணி டப்பாவை எடுத்தான். நீதிபதி தாளோடு சுவரருகே போய், திரும்பி டாக்டரைப் பார்த்தார்.

"எந்த உயரத்துல மாட்டணும்?"

டாக்டர் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"கண் மட்டத்துல ஐயா. உங்களை யாரும் குனிஞ்சு பார்க்க வேண்டாம். இனிமே நிமிர்ந்தும் பார்க்க வேண்டாம்."